எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் யாரும் சாகவில்லை. எல்லோரும் சாமியானார்கள். தாத்தா சாமியானார். பின்கட்டில் இருந்த சித்தப்பா சாமியானார். பேச்சு வராத வயசில் காய்ச்சலில் போன என் தம்பிகூட சாமியாகிவிட்டான். செத்துப்போவது என்பதை நாய்க்கும் பூனைக்கும் மட்டும் வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது “என் தாத்தா இறந்தார்” என்று எழுதிவிட்டேன். அதை வீட்டில் உரக்கப் படித்துக்காட்டியதற்கு அம்மாவிடம் நறுக்கென்று ஒரு குட்டு கிடைத்தது.

மயிலாப்பூரில் சாந்தோம் பக்கம் போகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. அந்தச் சின்னச் சந்திலேயே வீட்டுக்கு வீடு இதற்கு வேறு வேறு சொல். பக்கத்து வீட்டு மாமி “ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்” என்பாள். முனையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த பாய், “மௌத்தாயிட்டாரு” என்று சொல்லி ஒரு நிமிஷம் கையில் இருக்கிற சுத்தியலைக் கீழே வைப்பார். கருமாதிக் காகிதத்தில் அச்சடித்து வருகிறவர்கள் சிவலோக பதவியோ வைகுண்ட பதவியோ அடைவார்கள். அவர்களெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் ஆட்கள் எங்கும் போகவில்லை. இங்கேயே, சாமி அறை மூலையில், சாமியாகி உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயசில் அது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

சாமியாவதிலும் தகுதி உண்டு. ஆண்களும் விதவைகளும் சும்மா சாமிகள். ஆடி அமாவாசைக்கு ஒரு படையல் போட்டால் அவர்கள் கணக்குத் தீர்ந்தது. கல்யாணமாகாமல் போன பெண்ணும், புருஷன் உயிரோடு இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போனவளும் அப்படி இல்லை. அவர்கள் பூவாடைக்காரி. பூவையே ஆடையாக உடுத்தினவள் என்று என் அப்பா அர்த்தம் சொன்னார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு பூவாடைக்காரிக்கு. முதல் நாள் சாயங்காலம் கிணற்றடியில் புதுப் பானையில் நீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் சுற்றி, பம்பை அடித்து அவளை அழைப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி மேல் அவள் வந்து இறங்குவாள். பானையை உள்ளே கொண்டுவந்து வைத்து, மஞ்சள் புடவை, வளையல், குங்குமம் எல்லாம் எதிரில் பரப்பி, தலைவாழை இலை போட்டுப் படைப்பார்கள். அவள் இலைக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. சம்பந்தி வீட்டார் பசியில் முணுமுணுத்தாலும் சரி, அந்த வரிசை மாறாது.

என் அத்தை அப்படிப் பூவாடைக்காரியானவள். நைனாவுக்கு ஒரே தங்கை. “பாப்பா” என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி ரங்கூனுக்குப் போனாள். மாமாவுக்கு அங்கே அரிசி மில்லில் வேலை. எனக்கு அவளைப் பற்றி நினைவிருந்ததெல்லாம் மேல் வரிசையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு தெத்துப்பல்லும், அதைக் காட்டிக்கொண்டு அவள் சிரிக்கும் பெரிய சிரிப்பும்தான். கப்பல் ஏறுகிற அன்றைக்குக்கூட எல்லோரும் அழ, இவள் எதற்கோ சிரித்தாள். நைனாவின் அண்ணன் மனைவி, எங்கள் பெரியம்மா, அதற்காக ஏழு வருஷம் அவளைக் கரித்துக் கொட்டினாள்.

யுத்தப் பேச்சு கிழக்கே வந்த சமயம் அத்தை ஒரு கடிதம் போட்டாள். இங்கே பல பேர் ஊருக்குக் கிளம்புகிறார்கள், நாங்களும் வந்துவிடட்டுமா அண்ணா என்று கேட்டிருந்தாள். எங்கள் வீட்டில் அப்போது அக்காவைப் பெண் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருக்கிற இரண்டு அறையில் இன்னும் இரண்டு பேரை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. நைனா உட்கார்ந்து, அவருடைய அழகான கையெழுத்தில், “பயப்படாதே, தைக்கு மேல் சாவகாசமாக வா” என்று எழுதினார். தபால் பெட்டியில் போட்டது நான்தான். தை பிறக்கவில்லை, மார்கழியிலேயே ரங்கூனில் குண்டு விழுந்தது.

அடுத்த கோடையில் மெட்ராஸிலும் குண்டு விழும் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. எங்கள் சந்தில் மூன்று வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. நாங்கள் போகவில்லை. “பாப்பாகிட்டேயிருந்து லெட்டர் வந்தா வாங்க ஆள் வேணாமா?” என்றார் நைனா. பள்ளிக்கூடத்தில் அவர் டிராயிங் மாஸ்டர். பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய், போர்டில் பூசணிக்காய் வரைந்து அழித்துவிட்டு, தபால்காரர் வரும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

கடிதம் வரவில்லை, ஆள் வந்தார். மாமாவோடு மில்லில் வேலை பார்த்தவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். ரங்கூனிலிருந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு போட முடியாமல் துணி சுற்றியிருந்தார். மலை வழியில் அத்தைக்குக் காலரா கண்டு, பாதையோரம் படுத்திருந்ததைப் பார்த்தாராம். மாமா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். “அந்த எடத்துல படுத்தவங்க யாரும் எழுந்துக்கல வாத்தியாரே” என்றார்.

மாமா என்ன ஆனார் என்று தெரியவில்லை. அத்தை முந்திக்கொண்டாள் என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது. துக்கத்தின் நடுவிலும் பெரியம்மா அதைச் சரியாகக் கவனித்தாள். ஆழ்வார்பேட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சுமங்கலியா போய்ட்டா. மகராசி. பூவாடைக்காரி ஆயிட்டா” என்றாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன். பாதையோரத்தில் படுத்திருந்த அத்தையை நினைக்கவே முடியவில்லை. பூவை உடுத்திய அத்தையை நினைக்க முடிந்தது.

நைனா அவளுக்கு ஒரு படம் எழுதினார். கல்யாணத்தில் எடுத்த ஒரு போட்டோ இருந்தது. அதைப் பார்த்துக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, வர்ணம் தீட்டி, இரண்டு மாதம் வேலை செய்தார். தலையில் கிரீடம் வைத்தார். பின்னால் ஒளிவட்டம். கீழே தாமரை. மாநிறமாக இருந்தவள் பொன்னிறமானாள். உதடு மூடிக்கொண்டது, தெத்துப்பல் காணாமல் போயிற்று. அத்தையின் முகத்தில் இருந்தது ஒவ்வொன்றாகப் போகப் போக, பார்க்கிறவர்கள் எல்லோரும் “அப்படியே உரிச்சு வெச்சிருக்கு” என்றார்கள். முனைக் கடை பாய் மட்டும் சட்டம் போட வாங்கிப் பார்த்துவிட்டு, “வாத்தியாரே, இது உங்க தங்கச்சியா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அக்காவுக்கு மாம்பலத்தில் இடம் அமைந்தது. யுத்த காலத்துக் கல்யாணம், ஆளுக்கு அளந்து சாப்பாடு. ஆனாலும் பூவாடைக்குக் குறை வைக்கவில்லை. பம்பை முழங்க, பெரியம்மா மேல் அத்தை வந்து இறங்கினாள். பெரியம்மா தலைமுடி அவிழ ஆடி, “அண்ணா, நான் நல்லா கீறேன்” என்றாள். வாழ்க்கையில் அத்தையை ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க விடாதவள் பெரியம்மா. அத்தையின் குரல் அவள் தொண்டையில் சரியாகவே வரவில்லை. நைனாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பானைக்கு முன்னால் விழுந்து, “இப்ப வர வேணாம்னு எழுதினது நான்தாம்மா பாப்பா, மன்னிச்சுடு” என்று குழந்தை மாதிரி அழுதார். “எனக்குக் கோவமே இல்லண்ணா, மன்னிச்சுட்டேன்” என்றாள் பூவாடைக்காரி. அன்றைக்கு ராத்திரி நைனா வயிறு நிறையச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குக் கற்பூரம் காட்டி, பானையோடு பேசிக்கொண்டிருப்பார். பழையபடி சீட்டியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகவும் ஆரம்பித்தார்.

யுத்தம் முடிந்தது. மறு வருஷம் ஒரு மத்தியானம் நானும் அம்மாவும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. கறுத்து மெலிந்த ஒரு பெண், கையில் துணி மூட்டையோடு, கேட்காமல் உள்ளே வந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவரைக்காயெல்லாம் தரையில் உருண்டது. எழுந்து சாமி அறைக்கு ஓடினாள். தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணுக்கு முன்னால் சுற்றினாள்.

“சின்னண்ணி, தாகமா கீது” என்றாள் அந்தப் பெண். “கப்பூரம் அப்புறம் காட்டு. மொதல்ல தண்ணி குடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தத் தெத்துப்பல்லைப் பார்த்ததும் நான் பாய்ந்து கட்டிக்கொண்டேன். அவள் மேல் கப்பல் எண்ணெய் நாற்றமும் வியர்வையும் அடித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மா மட்டும் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை அத்தையின் நெற்றியில் இருந்தது. அங்கே பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. கற்பூரத் தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

அத்தைதான் பிழைத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்ட மாமா, நோய் ஒட்டி, இரண்டே நாளில் போய்விட்டார். மேலே போக முடியாமல் திரும்பி நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் அவளைப் பர்மாவுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போயிற்று. யுத்தம் முடியும் வரை ஒரு சின்ன ஊரில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தாள். இதையெல்லாம் அவள் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். நீட்டிச் சொல்லும் ஆள் இல்லை அவள். கோபம் வந்தால் மட்டும் பர்மாக்காரர்கள் பாஷையில் மடமடவென்று திட்டுவாள். என்ன திட்டு என்று எங்களுக்குத் தெரியாது என்பது அவளுக்கு வசதி.

சாமி அறையில் இருந்த படத்தை அன்றைக்கே பார்த்தாள். “இது யாரு?” என்று கேட்டாள். “நீதான் அத்தை” என்றேன் நான். கிட்டே போய்ப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள், அதன் மேல் மடித்து வைத்திருந்த மஞ்சள் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். “நல்ல பொடவ” என்றாள். அவள் கட்டியிருந்தது இரண்டு இடத்தில் தைத்த வெள்ளை வாயில் புடவை.

நைனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். தங்கையைப் பார்த்தார். ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். பழக்கம்தான், வேறென்ன. மூன்று வருஷமாகக் கும்பிட்ட முகம். அப்புறம் அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. “வாம்மா” என்று முனகிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் வாளியில் தண்ணீர் சேந்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அத்தைக்குப் பின்கட்டில் இடம் கொடுத்தார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்பங்கரை மூலையில் அவளுக்குச் சோறு. நல்ல நாளில் வாசல் பக்கம் வரக்கூடாது. விதவைகளுக்கு அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பீர்கள். எல்லா வீட்டிலும் அதே விதவைக்கு வெள்ளிக்கிழமை தோறும் மல்லிகைப்பூ சாத்தினார்களா? எங்கள் வீட்டில் சாத்தினார்கள். படத்தை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பெரியம்மா திட்டமாகச் சொல்லிவிட்டாள்.

“சாமின்னா சாமிதான். இவ திரும்பி வந்ததால அது இல்லன்னு ஆயிடுமா? என் மேல வந்தது பின்ன யாரு?”

நைனா பம்பைக்காரரைத் தேடிப் போய்க் கேட்டார். போகும்போது என்னையும் கூட்டிப் போனார், தனியாகக் கேட்க வெட்கம் போலிருக்கிறது. பம்பைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அழைக்கறதுக்குப் பாட்டு கீது வாத்தியாரே. நீ சாமி இல்ல, மனுசியா போய் இருன்னு சொல்றதுக்குப் பாட்டு எங்க நைனாவும் சொல்லித் தரல, அவரு நைனாவும் சொல்லித் தரல” என்றார்.

ரேஷன் கார்டில் அத்தை பெயரைச் சேர்க்கப் போனபோதும் இதே கதை. இத்தனை வருஷம் எங்கே இருந்தார்கள் என்று குமாஸ்தா கேட்டார். நைனா திருதிருவென்று விழித்தார். பின்னால் நின்ற அத்தை, “சாமியா இருந்தேங்க. சாமிக்கு ரேசன் கெடயாது, அதான் எறங்கி வந்துட்டேன்” என்றாள். குமாஸ்தா சிரித்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். சர்க்காருக்கு அவள் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்ளப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

நைனா அவளோடு நேராகப் பேசுவதில்லை. “அத்தை சாப்ட்டாளா?” என்று என்னிடம் கேட்பார். அத்தை இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி அறையில் பானைக்கு முன்னால் உட்கார்ந்து, “பாப்பா, நான் எழுதியிருக்கக் கூடாதும்மா” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பங்கரை. அத்தை அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். கீரை ஆயும் கை நிற்கும், பிறகு மறுபடி ஆயும். நான் அதைப் பல வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். அக்கா கல்யாணத்தில் பூவாடைக்காரி நைனாவை மன்னித்ததை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “நைனாகிட்டே போய்க் கேளேன் அத்தை” என்றேன். “அவரு என்னாண்ட பேசல கண்ணு, அவளாண்ட பேசிகினு கீறாரு” என்றாள்.

எனக்கு வரன் அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆழ்வார்பேட்டையிலிருந்து பெரியம்மா வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். பூவாடை வைக்க வேண்டும், வழக்கம்போல அத்தையைத்தான் அழைக்க வேண்டும் என்றாள். அதே மூச்சில், பூவாடை அன்றைக்கு மத்தியானமே அத்தையைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பிவிட வேண்டும் என்றாள். மாமாவோடு வேலை பார்த்தவர் வீட்டில் இரண்டு நாள் இருக்கட்டும், சம்பந்திகள் கண்ணில் பட வேண்டாம், நல்ல காரியம் பார் என்றாள். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு, “சரி” என்றார்.

நான் ஆடிப்போய்விட்டேன். அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். கல்யாணப் பெண்ணின் கோபத்தை யார் மதிக்கிறார்கள்? பின்கட்டுக்குப் போனேன். அத்தை என் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ போகாதே அத்தை” என்றேன்.

“எனக்கு இன்னா ஆசைன்னு தெரியுமா?” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “உன் கல்யாணப் பந்தியில எல்லாரோடயும் ஒரு எலயில ஒக்காந்து துண்ணணும். அவ்ளோதான். காட்டுல வர்றப்ப அதத்தான் நெனச்சிகினு வந்தேன். அண்ணன் வூட்டுக் கல்யாணத்துல சாம்பார் ஊத்துவாங்கன்னு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “போன்னா போறேன். வூடு அவருது.”

பூவாடை அன்றைக்கு அத்தையை ஏற்றிப்போகும் ஜட்கா வண்டி மத்தியானத்துக்கு வர வேண்டியது, சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் கிணற்றடியில் பம்பை முழங்க ஆரம்பித்துவிட்டது. பானை உள்ளே வந்தது. கூடத்தில் படம், படத்துக்கு முன் பானை, பானைக்கு முன் புதிய மஞ்சள் புடவை, தலைவாழை இலை. இலையில் சோறு, பருப்பு, வடை, வாழைக்காய் வறுவல், சர்க்கரைப் பொங்கல். பக்கத்தில் பாத்திரத்தில் முருங்கைக்காய்க் குழம்பு. அத்தைக்குப் பிடித்ததெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். செய்தது யார் என்கிறீர்கள்? காலையிலிருந்து அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் சமைத்ததே அத்தைதான்.

பெரியம்மாவுக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. தலைமுடி அவிழ்ந்தது. பம்பைக்காரர் குரல் உயர்த்திக் கேட்டார்.

“வந்திருக்கிறது யாரும்மா? பேரச் சொல்லும்மா!”

“நான்தான்டா... கடல் தாண்டிப் போனவ...” என்றாள் பெரியம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

வாசலுக்குப் போக எங்கள் வீட்டில் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்கட்டிலிருந்து அத்தை மூட்டையோடு வந்தாள். கூட்டம் வழி விட்டது. பெரியம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். எதிரில் அத்தை. ஆட்டம் பாதியில் நின்றது. பம்பைக்காரர் கையும் நின்றது.

அத்தை பானையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள், அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இது எனக்குப் போட்ட எலதானே?” என்றாள்.

இல்லை என்று சொன்னால் அந்தப் பானையில் இருப்பது யார்? பெரியம்மா “அபசாரம், அபசாரம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாமி தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அத்தை சோற்றில் பருப்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். வடையைக் கடித்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. மறுநாள் தாலி ஏறும்போதுகூட அவ்வளவு இல்லை.

வாசலில் ஜட்காக்காரன், “இன்னாம்மா, கெளம்பலாமா?” என்று கூவினான். நான் மணப்பெண் என்பதையும் மறந்து வாசலுக்கு ஓடி, “யாரும் வரல, நீ போ” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது நைனா அத்தைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். கை கூப்பியிருந்தது. அத்தை சாப்பிட்டுக்கொண்டே, “கைய எறக்குண்ணா” என்றாள். அவர் இறக்கினார். மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பல்லைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்த்தார். வாய் கோணியது.

“பாப்பா, இப்ப வர வேணாம்னு எழுதினது நான்தாம்மா. அவசரப்பட்டு எழுதிட்டேன். அந்த லெட்டர எழுதலன்னா மாப்ளையும் இருந்திருப்பாரு. என்ன மன்னிச்சுடும்மா.”

அத்தை இலையில் கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“அந்தப் பானையில கீறவ உன்ன எப்பவோ மன்னிச்சுட்டா, பெரியண்ணி வாயால நீயே கேட்டுகினே” என்றாள். “நான் இன்னும் மன்னிக்கல. கொழம்ப ஊத்து.”

நைனா பாத்திரத்தை எடுத்து ஊற்றினார். பாதி தரையில் போயிற்று.